திட்டிக்கொண்டே பார்ப்பவர்கள்

சீரியல் ஒன்று ஓடுகிறது என்பதும் அது பிடித்திருக்கிறது என்பதும் ஒன்றல்ல. தொலைக்காட்சித் தொழில் அளப்பது ஓட்டத்தை. வியாழக்கிழமைதோறும் வெளிவரும் டிஆர்பி கணக்கு எத்தனை வீட்டில் பெட்டி அந்தச் சேனலில் நின்றது என்று சொல்லும். முன்னால் உட்கார்ந்திருந்தவர் ரசித்தாரா, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாரா என்று சொல்லாது. “கதையே இல்ல, சும்மா இழுக்கிறாங்க” என்று திட்டிக்கொண்டு ஒருநாள் தவறாமல் பார்ப்பவரும், கண் கலங்கிப் பார்ப்பவரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். தமிழில் மெகா சீரியல் வந்து கால் நூற்றாண்டாகியும் எது நல்ல சீரியல், எது ஏமாற்றிய சீரியல் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சினிமாவுக்குப் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதும் பத்திரிகைகள் சீரியல் என்றால் நடிகையின் பேட்டியோடு நிறுத்திக்கொள்கின்றன. உண்மையான விமர்சனம் முழுக்க வாய்மொழியில் நடக்கிறது. ரேஷன் கடை வரிசையிலும், பூக்கட்டும் திண்ணையிலும், அரக்கோணம் வழியாகச் சென்னைக்குப் போகும் மின்சார ரயிலிலும் அதைக் கேட்கலாம்.

அதைக் காதுகொடுத்துக் கேட்பதற்குத் திருத்தணி தோதான ஊர். மலைக்கும் முருகனுக்கும் இதில் பங்கு குறைவு; ஊரின் பேச்சுதான் காரணம். 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போன இந்தத் தாலுகா, ம.பொ.சி.யின் வட எல்லைப் போராட்டம், எல்லைத் தகராறில் மத்தியஸ்தரான படாஸ்கரின் பரிந்துரை எல்லாம் கடந்து 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இன்றும் வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வளர்கிற பிள்ளைகள் இங்கே நிறைய. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் போனால் இன்னும் அதிகம். எல்லைக்கு அந்தப் பக்கம் நகரிக்குப் பெண் கொடுத்திருப்பார்கள். புத்தூரிலிருந்து மருமகள் வந்திருப்பாள். மாலை ஆறரைக்கு மேல் ரிமோட் சன், விஜய், ஜீ தமிழ் ஒரு பக்கமும், ஜெமினி, ஸ்டார் மா, ஜீ தெலுங்கு மறு பக்கமுமாக அலையும். மாமியாருக்கு ஒரு மொழி, மருமகளுக்கு ஒரு மொழி. இதனால் சென்னைக்காரரோ மதுரைக்காரரோ அறியாத ஓர் அனுபவம் இவர்களுக்கு வாய்க்கிறது: ஒரே கதையை இரண்டு மொழியில், இரண்டு நடிகர் கூட்டத்தோடு, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகப் பார்ப்பது. கதையை ஏற்கெனவே அறிந்தவர் சொல்லும் குறைக்கு எடை அதிகம். அடுத்து என்ன நடக்கும் என்ற பதற்றம் அவரிடம் இல்லாததால், எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதை மட்டும் அவர் பார்க்கிறார்.

இந்த இருமொழிப் பார்வையாளர் அளவைக் கணக்கில் விழுவதே இல்லை என்பது வேடிக்கை. பார்க் இந்தியா நிறுவனம் நாடு முழுவதும் ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்து அளக்கிறது. பட்டியல் போடும்போது தமிழ்நாடு-புதுச்சேரி ஒரு சந்தை, ஆந்திரம்-தெலங்கானா ஒரு சந்தை. தெலுங்கு சீரியல்களின் முதல் ஐந்து இடங்கள் இரண்டாவது சந்தையை வைத்துத்தான் தீர்மானிக்கப்படுகின்றன. திருத்தணியில் ஒரு வீட்டில் மீட்டர் இருந்து, அங்கே இரவெல்லாம் ஸ்டார் மா ஓடினாலும், அந்தப் பார்வை ஹைதராபாத் பட்டியலில் ஏறாது. சென்னைப் பட்டியலிலும் மேலே வராது. 2019-ல் ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை வந்த பிறகு பிடித்த சேனலுக்குத் தனித்தனியாகக் காசு கட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு மொழிச் சேனல்களுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறவர்களின் கருத்து இரண்டு பட்டியலிலும் இல்லை.

இனி அந்தக் கருத்துக்கு வரலாம். பிடித்த தொடர் எது என்று ஐம்பது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டால் பேச்சு தூர்தர்ஷனில் தொடங்கும். சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் ஒளிபரப்பைத் தொடங்கியது. சிவசங்கரியின் கதையில் ரகுவரன் குடிகாரனாக நடித்த ‘ஒரு மனிதனின் கதை’, கே. பாலசந்தரின் ‘ரயில் சிநேகம்’ போன்றவை இன்னும் பெயர் சொல்லப்படுகின்றன. வாரம் ஒருமுறை, சில மாதங்களில் முடிந்துவிடும் தொடர்கள் அவை. வார இதழில் தொடர்கதை படித்த பழக்கம் அப்படியே இங்கே தொடர்ந்தது. வியாழனுக்கு வியாழன் காத்திருந்த வாசகருக்கு அரை மணி நேரத் தொடருக்குக் காத்திருப்பது புதிதல்ல. 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி தொடங்கிய பிறகும் கொஞ்ச காலம் இந்த வாரக் கணக்கே இருந்தது. கீதா நடித்த ‘கையளவு மனசு’, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ ஆகியவை அந்தக் காலத்தவை. மர்மதேசத்தின் ‘விடாது கருப்பு’ கதையைப் பார்த்துவிட்டு ராத்திரியில் தோட்டத்துப் பக்கம் போகப் பயந்தவர்கள் இன்றைக்குத் தங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அதை யூடியூபில் போட்டுக் காட்டுகிறார்கள்.

இந்த ஏக்கத்தை நான் முழுதாக நம்புவதில்லை. தூர்தர்ஷன் காலத்தில் வேறு சேனல் கிடையாது. எது போட்டாலும் பார்த்தோம். விவசாய நிகழ்ச்சியான ‘வயலும் வாழ்வும்’ கூடத்தான். மோசமான வாரத் தொடர்கள் நிறைய வந்தன. அவற்றை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஏக்கத்துக்குள் ஓர் உண்மை உண்டு. நினைவில் நின்ற தொடர்கள் எல்லாவற்றுக்கும் முடிவு இருந்தது. கருப்பு யார் என்று கடைசியில் தெரிந்தது. கையளவு மனசின் தாய் தன் பிள்ளைகளுக்கு ஒரு வழி செய்துவிட்டுப் போனாள். முடிவு தெரிந்த பிறகுதான் ஒரு கதையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியும். இந்த வாய்ப்பைத்தான் மெகா சீரியல் பறித்துக்கொண்டது.

1999 டிசம்பரில் தொடங்கி 2001 நவம்பர் வரை ஓடிய ‘சித்தி’யிலிருந்து தினசரித் தொடரின் ஆட்சி. ராதிகாவின் ராடான் நிறுவனம் தயாரித்த அந்தத் தொடர் ‘பின்னி’ என்ற பெயரில் ஜெமினியிலும் ஓடியது. திருத்தணிப் பக்கத்து வீடுகளில் ராதிகா இரண்டு மொழியில் அழுதார். அடுத்து 2002-ல் வந்த திருமுருகனின் ‘மெட்டி ஒலி’ தெலுங்கில் ‘மெட்டெல சவ்வடி’ ஆயிற்று. சிதம்பரத்தின் ஐந்து பெண்கள் தனம், சரோ, லீலா, விஜி, பவானி. எத்தனை வருஷம் ஆனாலும் இந்த வரிசை தப்பாமல் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2020 ஊரடங்கில் புதுப் படப்பிடிப்பு நின்று சன் டிவி பழைய ‘மெட்டி ஒலி’யை மறுபடி போட்டபோது, முதல் ஒளிபரப்பின்போது பிறந்தே இருக்காத பிள்ளைகளும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

மெட்டி ஒலி ஏன் பிடித்தது என்று கேட்டால் வரும் பதில்களில் நடிப்பு, வசனம் என்பதெல்லாம் பிற்பாடுதான் வரும். முதலில் வருவது பணம். அப்பா யாரிடம் கடன் வாங்கினார், நகை எங்கே அடகில் இருக்கிறது, எந்த மாப்பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டியிருந்தது என்பது பார்ப்பவருக்குத் துல்லியமாகத் தெரியும். இன்றைய சீரியல்களில் குறை சொல்பவர்கள் முதலில் தொடும் இடமும் அதுவே: “பட்டுப்பொடவ கட்டிக்கினு சமையல் பண்றாங்கோ. பூக்கட்டி விக்கிற வீட்டுப் பொண்ணுக்கு இவ்ளோ பெரிய வீடு எங்கேர்ந்து வந்துச்சு?” வறுமை என்று வசனத்தில் சொல்லிவிட்டு வரவேற்பறையில் மாடிப்படி வளைந்து ஏறுவதைக் காட்டினால் பார்வையாளர் அந்த நொடியில் கதையைவிட்டு வெளியே வந்துவிடுகிறார். சென்னைக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாடகைக்குக் கிடைக்கும் பங்களாக்கள் எல்லாச் சேனலிலும் மாறி மாறி வருவதை அடையாளம் கண்டுபிடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த வீடு போன சீரியலில் வில்லி வீடு, இதில் கதாநாயகி வீடு என்று!

அடுத்த குறை நீளம். தேவயானி நடித்த ‘கோலங்கள்’ 2003-லிருந்து 2009 வரை 1,500 அத்தியாயங்களுக்கு மேல் ஓடியது. 2010-ல் தொடங்கிய ‘நாதஸ்வரம்’ 2014-ல் தன் ஆயிரமாவது அத்தியாயத்தை நேரலையாக, நிறுத்தாமல் நடித்துக் காட்டிச் சாதனை செய்தது. அந்த நாள் மட்டும் சீரியல் நாடக மேடைக்குத் திரும்பிவந்தது போலிருந்தது. ஆனால் அத்தியாய எண்ணிக்கையே பெருமையான பிறகு கதை அதற்கு வேலைக்காரன் ஆகிவிடுகிறது. சன் டிவியில் நீண்ட காலம் இருந்த நடைமுறை இதுதான்: தயாரிப்பாளர் அரை மணி நேரத்துக்கு ஒளிபரப்புக் கட்டணம் கட்டுவார், இடையில் வரும் விளம்பர நேரத்தை அவரே விற்றுக்கொள்வார். விஜய் போன்ற சேனல்கள் தாங்களே காசு கொடுத்துத் தயாரிக்கச் சொல்கின்றன. எந்த முறையானாலும் நன்றாக ஓடும் தொடரை முடிப்பது யாருக்கும் லாபமில்லை. புதிய தொடருக்குப் பெயர் வாங்கிக் கொடுக்க மாதக்கணக்கில் பணம் இறைக்க வேண்டும், பழையதற்கு வேண்டியதில்லை. வாரம் ஆறு நாள் என்றால் ஆண்டுக்கு முந்நூறு அத்தியாயம். எந்த எழுத்தாளரிடமும் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவு சரக்கு இருக்காது. ஆகவே கடத்தல், நினைவிழப்பு, ஜெயில், விபத்து என்று சுற்றி மறுபடி கல்யாண மண்டபத்துக்கே வந்து நிற்கிறார்கள். தாலி கட்டப்போகும் நேரத்தில் “நிறுத்துங்க” என்ற குரல் கேட்காத தொடர் அபூர்வம்.

இங்கே நகரத்து விமர்சகர்கள் கேலி செய்யும் ஒரு விஷயத்துக்கு நான் வக்காலத்து வாங்க வேண்டும். ஒரே முகத்தை மூன்று முறை கேமரா நெருங்கிக் காட்டுவது, இடி போன்ற இசை, நேற்று நடந்ததை இன்று மறுபடி சொல்வது எல்லாம் முட்டாள்தனம் என்கிறார்கள். திருத்தணிப் பக்கத்துப் பொதட்டூர்பேட்டையிலோ அம்மையார்குப்பத்திலோ விசைத்தறி ஓடும் வீட்டில் போய் நின்று பார்த்தால் வேறுமாதிரி தோன்றும். தறிச் சத்தத்தில் வசனம் காதில் விழாது. நூல் அறுந்தால் எழுந்து போக வேண்டும். அடுப்பில் குழம்பு, மடியில் பிள்ளை. முழுக் கவனமும் திரைமேல் வைக்கும் பார்வையாளர் அங்கே கிடையாது. பத்து நிமிடம் விட்டுப் பிடித்தாலும் புரிகிற வடிவம் அவருக்குத் தேவை. தினசரிச் சீரியலின் மந்தம் அந்த வேலைக்கு ஏற்பச் செய்யப்பட்டது. ஆகவே அந்த வீட்டுக்காரர் “இழுக்கிறாங்க” என்று சொல்லும்போது காட்சியின் மெதுவைச் சொல்லவில்லை. ஒரு விஷயம் தீராமல் கிடப்பதைச் சொல்கிறார்.

எது தீராமல் கிடப்பது? இதற்கு ‘பாரதி கண்ணம்மா’வைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. மலையாளத்தில் ஏசியாநெட்டின் ‘கறுத்தமுத்து’வாகத் தொடங்கிய கதை, 2017-ல் ஸ்டார் மாவில் ‘கார்த்திக தீபம்’ ஆனது. 2019-ல் விஜய் டிவியில் ‘பாரதி கண்ணம்மா’ ஆனது. கறுப்பு நிறப் பெண், டாக்டர் கணவன், தோழி சொன்ன பொய்யால் வரும் சந்தேகம், பிரிவு, இரட்டைக் குழந்தைகள் ஆளுக்கொரு பக்கம் வளர்வது. தெலுங்கு பார்க்கும் வீட்டுக்கு இவையெல்லாம் ஒன்றரை வருஷம் முன்பே தெரியும். பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பார்வையாளர் கவலைப்படும்போது “அவ எப்படியும் பொட்டியத் தூக்கிக்கினு போயிருவா பாரு” என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியும். அப்படித் தெரிந்தும் பார்த்தார்கள். புராணத் தொடர்களைப் பற்றி யோசித்தால் இது ஆச்சரியமில்லை. 2013-ல் விஜய் டிவி தமிழில் மாற்றிப் போட்ட ‘மகாபாரதம்’ பார்த்தவர்களில் குருட்சேத்திரத்தில் ஜெயிப்பது யார் என்று தெரியாதவர் எவரும் இருந்திருக்க மாட்டார்கள். 

இரண்டையும் ஒப்பிட்டு இந்த ஊரில் பேசப்பட்டவற்றில் மூன்று விஷயம் எனக்கு முக்கியமாகப் பட்டன. தெலுங்கில் தீபாவாக நடித்தவர் பிரேமி விஸ்வநாத். மலையாள மூலத்திலும் நாயகி அவரே. ‘வண்டலக்கா’ என்று ஆந்திரம் முழுக்கச் செல்லப்பெயர் வாங்கினார். தமிழில் கண்ணம்மாவாகத் தொடங்கிய ரோஷினி ஹரிப்பிரியன் 2021-ல் விலகி, வினுஷா தேவி வந்தார். “இவருக்குப் பதில் இவர்” என்று ஒரு வரி போட்டுவிட்டால் சேனலுக்குக் கடமை முடிந்தது. பார்ப்பவருக்கு அப்படி அல்ல. கதை ஒன்றே என்றாலும் முகம் மாறினால் உறவு புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. தெலுங்கில் முகம் நிலைத்தாலும் கதை நிலைக்கவில்லை. 2022-ல் நாயகன் நாயகி இறந்துவிட்டதாகக் காட்டி, பெண்கள் வளர்ந்த கதைக்குத் தாவினார்கள். அது எடுபடாமல் போக வண்டலக்காவை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். சாவையே திரும்பப் பெற்றுக்கொள்ளும் கதையை இனி எந்தச் சோகத்துக்கு நம்புவது என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை.

மூன்றாவது விஷயம் டிஎன்ஏ. டாக்டராக இருக்கும் கணவன், குழந்தைகள் தன்னுடையவையா என்ற சந்தேகத்தில் வருஷக்கணக்கில் வெந்துகொண்டிருக்கிறான், ஒரு பரிசோதனை செய்தால் தீர்ந்துவிடும், செய்ய மாட்டான். இரண்டு மொழியிலும் இதே கேலி கிளம்பியது. கண்ணம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பி நாள்கணக்கில் நடந்துகொண்டே இருந்தபோது மீம்கள் பறந்தன. பலர் அந்தக் கேலியைச் சீரியலின் தோல்வி என்று எழுதினார்கள். எனக்கு அதில் பார்வையாளரின் தேர்ச்சி தெரிகிறது. ஒரு கதைக்குள் சிக்கல் நீடிக்க வேண்டுமானால் அதைத் தீர்க்கும் வழி பாத்திரங்களுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும், அல்லது தெரிந்தும் தடுக்கிற காரணம் வலுவாக இருக்க வேண்டும். இது எந்த நாடக வகுப்பிலும் சொல்லித்தரும் பாடம். திண்ணையில் அதை “டாக்டருக்குப் படிச்சவன் மாதிரியா இருக்கான்?” என்று கேட்கிறார்கள். நிறத்தை வைத்து ஒரு பெண் படும் அவமானத்தைச் சொல்ல வந்த கதை, இயல்பிலேயே கறுப்பான நடிகையைத் தேடாமல் மலையாளத்திலும் தெலுங்கிலும் வெளுத்த முகத்துக்குக் கறுப்புப் பூசி நடத்தப்பட்டது என்பது இன்னொரு ஏமாற்றம். இதைத் திண்ணையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரகசியத்துக்கு வயது உண்டு. 2023 ஜனவரியில் தொடங்கிய ‘சிறகடிக்க ஆசை’ முதல் ஆண்டில் எல்லோருக்கும் பிடித்த தொடராக இருந்தது. குடித்துவிட்டு வம்பிழுக்கும் முத்துவும் பூக்கட்டும் மீனாவும் இஷ்டமில்லாமல் கல்யாணம் செய்து மெல்ல நெருங்கியது வெகு இயல்பாக வந்தது. மாமியார் விஜயா பணக்கார மருமகளைத் தாங்குவதும் ஏழை மருமகளை ஏசுவதும் எல்லா ஊரிலும் நடப்பது. ஆனால் பணக்காரியாக நடிக்கும் ரோகிணியின் பழைய வாழ்க்கை என்ற ரகசியம், இதோ வெளிப்படப் போகிறது என்று ப்ரோமோவில் காட்டி, கடைசி நொடியில் யாரோ கதவைத் தட்டி, மறுபடி ஒளிந்துகொண்டது. இப்படி எத்தனை முறை! முதல் முறை பதற்றம், ஐந்தாவது முறை எரிச்சல், அதற்குமேல் முத்துவையும் மீனாவையும் பார்த்துக் கோபம், இவ்வளவு மக்குகளா என்று. தள்ளிப்போடுவதில் சேதமாவது வில்லி அல்ல, நல்லவர்கள். எதையும் கண்டுபிடிக்க முடியாதவர்களாக அவர்களை ஆக்கினால்தான் ரகசியம் பிழைக்கும். இதே கதை ஸ்டார் மாவில் ‘குண்டெ நிண்டா குடி கண்டலு’வாக அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. இம்முறை தமிழ் முன்னால், தெலுங்கு பின்னால். திருத்தணியில் இந்தத் தடவை ஆருடம் சொல்லும் முறை தமிழ் வீட்டுக்கு.

வில்லியைப் பற்றிப் பேசும்போது இந்த ஊர்க் கோயிலின் வழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. கந்த சஷ்டியில் மற்ற முருகன் தலங்களில் சூரசம்காரம் நடக்கும், இங்கே கிடையாது. சினம் தணிந்த இடம் என்பதால் புஷ்பாஞ்சலியோடு சரி. 2017-ல் விஜய் டிவி ‘தமிழ்க் கடவுள் முருகன்’ தொடரைத் தொடங்கியது. அசுரரும் ஆயுதமும் கணினி வரைகலையும் கிடைத்தால் புராணத் தொடர் களைகட்டிவிடும். சண்டையெல்லாம் முடிந்து அமைதியாக மலைமேல் நிற்கும் கடவுளை வைத்து எத்தனை அத்தியாயம் எடுக்க முடியும்?

‘பாக்கியலட்சுமி’யின் ஏற்ற இறக்கம் வேறு வகை. வங்காளத்தின் ‘ஸ்ரீமயி’தான் மூலம், இந்தியில் ‘அனுபமா’, தெலுங்கில் நம்ம ஊர்க் கஸ்தூரி நடித்த ‘இன்டின்டி க்ருஹலக்ஷ்மி’. கணவன் கோபி இன்னொருத்தியைத் திருமணம் செய்துகொள்ள, பாக்கியா விவாகரத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்த காலம்தான் அந்தத் தொடரின் உச்சம். நடுவயதில் ஒரு பெண் தன் சமையலை வைத்துச் சம்பாதிக்கத் தொடங்குவதைப் பார்த்து உற்சாகப்பட்டவர்கள் இந்த ஊரிலும் உண்டு. சிக்கல் தீர்ந்துவிட்டது. தொடர் தீரவில்லை. அதற்குப் பிறகு கோபியை அதே வீட்டைச் சுற்றிச் சுற்றி வரவைத்து, 2025 வரை ஓட்டினார்கள். நடுவில் நிறுத்தியிருந்தால் தமிழின் நல்ல சீரியல் ஒன்று கிடைத்திருக்கும் என்பது என் துணிபு.

எல்லா ஏமாற்றமும் தயாரிப்பாளர் தலையில் விழ வேண்டியதில்லை. திருச்செல்வத்தின் ‘எதிர்நீச்சல்’ 2022 பிப்ரவரியில் தொடங்கியது. வீட்டின் நாலு மருமகள்களை அடக்கி ஆளும் ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்தார். “ஏய், இந்தாம்மா” என்ற அவர் குரல் தமிழ்நாடு முழுக்கக் கேலிக்கும் பாராட்டுக்கும் ஆனது. 2023 செப்டம்பர் 8 அன்று அவர் மாரடைப்பில் இறந்தார். பதிலுக்கு வந்த வேல ராமமூர்த்தி தேர்ந்த எழுத்தாளர், மிடுக்கான நடிகர். ஆனால் அவர் கொண்டுவந்தது வேறு வகைக் கோபம். மாரிமுத்துவின் குணசேகரன் பயந்தவன். தன் பயத்தை அதட்டலாக மாற்றிக்கொண்டவன். அந்தச் சிரிப்பு வரும் நுணுக்கம் போனதும் தொடர் தளர்ந்து 2024 ஜூனில் முடிந்தது. இந்தத் தொடரை விரும்பியதைப் பற்றி ஒரு சங்கடமான கேள்வி பாக்கியிருக்கிறது. பெண்களை ஒடுக்கும் குடும்பத் தலைவனைக் கண்டிக்க எழுதிய கதையில் எல்லோருக்கும் பிடித்தது அந்தத் தலைவனே. அவன் வசனத்தை வீட்டு ஆண்கள் சோறு கேட்கும்போது சொல்லிப் பார்த்தார்கள். சீரியல் பெண்களுக்கானது என்று சொல்லிக்கொண்டு கதவோரம் நின்றே முழுசாகப் பார்த்துவிடும் ஆண்களைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம்.

இளையவர்களைக் கேட்டால் சீரியல் என்ற சொல்லே கைபேசியில் பார்க்கும் வெப் சீரிஸைக் குறிக்கிறது. 2022-ல் அமேசான் பிரைமில் வந்த புஷ்கர்–காயத்ரியின் ‘சுழல்’, ஜீ5-ல் விமல் நடித்த ‘விலங்கு’, 2023-ல் வந்த முத்துக்குமாரின் ‘அயலி’ ஆகியவை எளிதாகப் பெயர் வரும் தொடர்கள். ‘சுழல்’ மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குள் துப்பறியும் கதையைப் பொருத்தியது. அங்காளம்மனைக் கும்பிடும் இந்த வட மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த வேஷமும் பறையும் அந்நியமல்ல என்பதால், திருவிழா கதைக்கு வெறும் நிறமாகப் போனதா என்று கறாராகவே பேசினார்கள். ‘அயலி’ எட்டே அத்தியாயம். வயதுக்கு வந்தால் படிப்பு நின்றுவிடும் ஊரில் டாக்டராக வேண்டும் என்று தான் வயதுக்கு வந்ததை மறைக்கும் ஒரு சிறுமி. இங்கேயும் ரகசியம்தான் கதை. ஆனால் ரகசியம் நீடிக்க வலுவான காரணம் இருக்கிறது, மறைப்பவள் நல்லவள், வெளிப்படும்போது ஊரே மாறுகிறது. மெகா சீரியல் எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாம். வெப் சீரிஸின் குறை வேறு. பத்தில் ஏழு பிணத்தில் தொடங்குகின்றன. காவல் ஆய்வாளரின் குடும்பச் சிக்கல், மழை, பாதி இருட்டு. தனியாக, காதில் கருவி மாட்டி, ஒரே ராத்திரியில் பார்த்து முடிப்பதால் மறுநாள் பேச ஆள் கிடைப்பதில்லை. நீ எத்தனாவது அத்தியாயத்தில் இருக்கிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

தினசரிச் சீரியலின் பலம் அங்கேதான். ஊரெல்லாம் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்கிறது. அதை வீணாக்கும் புது வழக்கம் இரண்டாம் பாகம். 2020-ல் வந்த ‘சித்தி 2’-வில் ராதிகா நடுவிலேயே விலகினார். சித்தி இல்லாமல் ‘சித்தி’ 2022 வரை ஓடியது. ‘பாரதி கண்ணம்மா 2’ 2023-ல் தொடங்கிச் சில மாதங்களில் மூட்டை கட்டியது. ‘கார்த்திக தீபம்’ பழைய ஜோடியோடு 2024-ல் மறுபடி வந்தது. ‘எதிர்நீச்சல்’ அதே ஆண்டு டிசம்பரில் ‘தொடர்கிறது’ என்று திரும்பியது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்கிறார்கள் என்ற குறை பெரும்பாலும் நியாயமானது.

இதில் ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்ள வேண்டும். 2018-லிருந்து ஐந்து ஆண்டு ஓடிய ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’, மளிகைக் கடை வைத்திருக்கும் நாலு அண்ணன் தம்பிகளின் கதை. தெலுங்கில் ‘வதினம்மா’ ஆனபோது அண்ணி வேடத்தில் இரண்டு மொழியிலும் சுஜிதாவே நடித்தார்; திருத்தணியில் ஒரே மாலையில் அவரைத் தனமாகவும் சீதாவாகவும் பார்க்க முடிந்தது. தமிழில் முதல் பாகம் முடிந்த கையோடு 2023 அக்டோபரில் இரண்டாம் பாகம் வந்தது. குடும்பமே புதிது. தம்பிகளுக்காக வாழ்ந்த அண்ணன் மூர்த்தியாக வந்த ஸ்டாலின் முத்து, இதில் மகன்களை மிரட்டும் கண்டிப்பான அப்பா. அந்த அப்பா ஒரு காலத்தில் தானே பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கல்யாணம் செய்தவர். அந்தப் பெண்ணின் அண்ணன்மார் இன்னும் முறைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறார்கள். தான் செய்ததைப் பிள்ளைகள் செய்யக்கூடாது என்கிறார். அது சரியா தப்பா என்று திருத்தணி பஸ் நிலையத்தில் தக்காளிக் கூடையோடு நகரி பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள் பாதித் தமிழிலும் பாதித் தெலுங்கிலும் சண்டை போட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டேன். ஒருத்திக்கு அந்த அப்பா பொய்யன். இன்னொருத்திக்கு, பட்டவனுக்குத்தான் வலி தெரியும். பஸ் வந்தும் முடியவில்லை.